மாடி ஏறினால் களைக்குமா?

செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி. எந்தப் பக்கம் போனாலும் மணல்தான். ஏறுவதற்கு ஒன்றுமே இல்லை. வீட்டு வாசலில் இரண்டு படி, அம்மன் கோயிலில் மூன்று படி. ஐம்பத்து நான்கு வயதுவரை மாடி என்ற ஒன்றில்லாமல் நான் நன்றாகவே வாழ்ந்தேன். அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டொக்டர், "மாடி ஏறினா களைக்குமா அம்மா?" என்று கேட்டபோது, "களைக்காது" என்று பட்டென்று சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. ஏறினால்தானே களைக்கும்!

அந்தப் பதில் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதப்போகிறேன். டொக்டர்மார் கேட்கும் கேள்விக்கு என்னைப்போல் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு யாரும் முழிசக்கூடாது.

என் பெயர் பரமேஸ்வரி. ஊருக்குப் பரமக்கா. தையல்தான் தொழில். முப்பது வருடமாகக் காலால் மிதிக்கும் பழைய மிசினில் தைக்கிறேன். கரண்டில் ஓடும் மிசின் எனக்குப் பிடிக்காது, அது என் பேச்சுக் கேளாது. மாரி முடிந்து பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற காலத்தில் விடிந்ததில் இருந்து அதிலேயே இருப்பேன். போன முறை அப்படி இருக்க முடியவில்லை. நாலு சட்டைக்குக் கொலர் வைத்தால் எழும்பிப் போய்ப் படுக்கவேண்டும்போல் இருந்தது. பத்து வருடமாக நீரிழிவு இருக்கிறது, உடம்பும் கொஞ்சம் கனம். பழியை எல்லாம் சீனி வருத்தத்தின் தலையில் போட்டுவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கண்டுபிடித்தவள் றிஸ்வானா. காத்தான்குடியில் இருக்கிறாள், தன் வீட்டு உடுப்பெல்லாம் என்னிடம்தான் தைக்கத் தருவாள். அன்றைக்குத் துணியோடு வந்தவள் என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

"என்ன கா இது, கண்ணுக்குள்ள வெள்ளத் துணி மாதிரிக் கிடக்கு? சுறுக்காப் போய் ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க அக்கா."

"உனக்கு உன்ட சட்ட சுறுக்கா வேணும், அதுக்குத்தான் இந்தக் கரிசன" என்று பகிடி பண்ணினேன். ஆனாலும் அடுத்த நாள் போனேன்.

ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்துகொண்டு போகிற சிவப்புச் சாமான். பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் எனக்கு ஏழு. "எங்கயோ இரத்தம் கசியுது" என்றார்கள். கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் கசியுமாம். குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கவேண்டும். அதற்கு முதல்நாள் ஒரு மருந்தைக் கலக்கிக் குடித்து வயிற்றைக் கழுவவேண்டும். அந்த ஒரு நாளைப் பற்றி நான் எழுதமாட்டேன். வீட்டில் ஒரே ஒரு கக்கூஸ் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

கமெராவில் பெருங்குடலின் வலது பக்கத்தில் ஒரு கட்டி தெரிந்தது. அதில் துளி சதையை நுள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் நான் யாருக்கும் ஒழுங்காக ஒரு பொத்தான் ஓட்டை வெட்டிக் கொடுக்கவில்லை. முடிவு வந்த அன்று சத்திரசிகிச்சை டொக்டர் என்னையும் என் மனுசனையும் இருத்தி வைத்துச் சொன்னார்: கென்சர்தான். ஆனால் ஸ்கானில் வேறு எந்த இடத்துக்கும் பரவியதாகத் தெரியவில்லை. கட்டியையும் குடலின் அந்தத் துண்டையும் வெட்டி எடுத்தால் முழுதாகச் சுகமாகலாம்.

என் மனுசன் சிவலிங்கம் வாவியில் இறால் பிடிக்கிறவர். பேச்சுக் குறைவு. அன்று பஸ்ஸில் ஏறி இருந்ததும் கேட்டார், "வெட்டி எடுக்கலாமெண்டுதானே சொன்னவர்?" ஓம் என்றேன். கல்லடிப் பாலம் தாண்டும்போது இன்னொருதரம் கேட்டார். ஆரையம்பதியில் இன்னொருதரம். களுவாஞ்சிகுடி பஸ் முழுக்க ஆட்கள். நாலாவது தரம் கேட்டபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"ஓம் எண்டு எத்தின தரம் சொல்லுற? காதுக்குள்ள இறாலா கிடக்கு?"

அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைக் கண்டபிறகுதான் அழுகிறார் என்று விளங்கியது. அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய.

சத்திரசிகிச்சைக்கு முன்னால் எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளைத்தான் அந்தச் சின்ன டொக்டர் கேட்டார். முகத்தில் இன்னும் பரு மாறாத பிள்ளை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அவருடைய பேனை தாளில் ஓடிக்கொண்டே இருந்தது. மாடிக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை எழுதினார். பிறகு, "தேகப்பயிற்சி ஏதும் செய்வீங்களா?" என்றார்.

"ஒவ்வொரு நாளும் மிசின் மிதிக்கிறனே" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு மணித்தியாலம். வேல கூடினா ஆறு."

பேனை ஒரு கணம் நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லம் அம்மா, நல்லம்" என்று சொல்லி அதையும் எழுதினார். என் தையலைத்தான் மெச்சுகிறார் என்று எனக்குப் பெருமை வேறு.

அடுத்த கிழமை மயக்கமருந்து டொக்டரிடம் காட்டவேண்டும். அவருடைய அறை இரண்டாம் மாடியில். அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. கிளினிக்கில் எழுதித் தந்த கொப்பியையும் ஸ்கான் பையையும் கையில் பிடித்துக்கொண்டு நான் முன்னால் ஏற, என் மனுசன் பின்னால் வந்தார். பத்தாவது படியில் நெஞ்சு டமார் டமார் என்று அடித்தது. பதினாலாவது படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே படியில் குந்திவிட்டேன். கீழே இருந்து ஏறிவந்த ஒரு அம்மா குனிந்து என் கையில் நாடி பிடித்துப் பார்த்தார். வெள்ளைக் கோட்டு. நான் பார்க்க வந்த மயக்கமருந்து டொக்டரே அவர்தான்.

என் கொப்பியை வாங்கி அந்தப் படியில் நின்றபடியே வாசித்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"இதில எழுதிக் கிடக்கு, ஒவ்வொரு நாளும் அஞ்சு மணித்தியாலம் மெஷினில உடற்பயிற்சி, மாடி ஏறினா களைப்பில்லை எண்டு. ஆர் சொன்னது?"

"நான்தான்."

"என்ன மெஷின் அது?"

"தையல் மிசின்."

அவர் சிரிக்கவில்லை. இவர்தான் பின்னால் நின்று தலையில் கை வைத்தார்.

"உங்கட வீட்டில எத்தினை படி?"

"ரெண்டு."

"கடைசியா எப்ப மாடி ஏறினனீங்கள்?"

யோசித்துப் பார்த்தேன். மகள் ஒருத்தி இருக்கிறாள், கலியாணம் முடித்துக் கனடா போய்விட்டாள். அவளுடைய கலியாணச் சேலை வாங்க ஒரு கடையில் ஏறியது. அது நடந்து ஒன்பது வருடம். டொக்டர் கொப்பியை மூடினார். அடுத்த கிழமை போட்டிருந்த சத்திரசிகிச்சையைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொன்னார்.

நான் அங்கேயே சத்தம் போட்டேன். "எனக்குள்ள கென்சர் வளருது. நீங்க படிய எண்ணிக்கொண்டு நிக்கிறீங்களே!"

அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்குப் பக்கத்தில் படியில் இருந்தார். வெள்ளைக் கோட்டு அழுக்காகும் என்றுகூடப் பார்க்கவில்லை. "அம்மா, ஒப்பரேசன் நேரம் நீங்கள் படுத்திருப்பியள். ஆனா உங்கட இதயம் படுக்காது. அது மாடி ஏறிக்கொண்டிருக்கும். முடிஞ்ச பிறகும் ரெண்டு மூண்டு நாளைக்கு ஏறும். பதினாலு படியில குந்திற ஆளை நான் மேசையில ஏத்தினா, கட்டி வெளியில வரும், நீங்கள் வரமாட்டியள்."

பிறகு அவரும் சத்திரசிகிச்சை டொக்டரும் பேசி முடிவு சொன்னார்கள். நாலு கிழமை தருவார்கள். இந்தக் கட்டி நாலு கிழமைக்குள் ஓடிப்போய்விடாது, ஆனால் அதற்குமேல் பிந்த ஏலாது. முதலில் இரும்புச்சத்து மருந்தைச் சேலைன்போல நரம்பில் ஏற்றி இரத்தத்தைக் கூட்டுவார்கள். மிச்சம் என் கையில், இல்லை, காலில். நாலாவது கிழமை முடிவில் இந்த இரண்டு மாடியையும் நிற்காமல் ஏறிக் காட்டவேண்டும். ஏறினால் பெரிய சத்திரசிகிச்சை, கட்டியை எடுப்பார்கள். ஏறாவிட்டால் சின்னச் சத்திரசிகிச்சை. கட்டியை உள்ளேயே விட்டுவிட்டு, குடல் அடைக்காமல் வேறு வழி மட்டும் வைத்துவிடுவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை.

இதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்த்தார்கள். "இதயத்தில பழுதில்லை, பழக்கமில்லை" என்றார் அந்த டொக்டர். பயிற்சி சொல்லித்தரும் பிசியோ மிஸ், வீட்டு மாடிப்படியில் பயிற்சி எடுக்கச் சொன்னார். வீட்டில் மாடி இல்லை. அப்படியென்றால் பக்கத்து வீட்டில்? அங்கேயும் இல்லை மிஸ், எங்கள் ஊரில் உயரமான சாமான் தென்னைமரம்தான். பள்ளிக்கூடத்தில் மாடி இருக்கிறது, வெளியாட்களை விடமாட்டார்கள். நடக்கலாமே என்றார். நடந்தேன். கடற்கரை மணலில் நடந்து காலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். ஒரு கிழமையில் மூன்று நாள் வீணாயிற்று.

றிஸ்வானாவின் சட்டைகளைத் தைக்காமல் துணியாகவே திருப்பிக் கொடுக்கக் காத்தான்குடிக்குப் போனேன். அவளுடைய மாப்பிள்ளை, அதாவது புருசன், கட்டாரில் ஹோட்டலில் வேலை செய்தவர். அந்த ஹோட்டலில் கழித்துவிட்ட உடற்பயிற்சி மிசின்களைக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்து, வீட்டோடு ஒட்டிய மண்டபத்தில் பெண்களுக்கென்று காலையில் மட்டும் ஒரு ஜிம் நடத்துகிறார்கள். அதற்குள் நான் கால் வைத்ததே இல்லை. அன்று கதவு திறந்து கிடந்தது. மூலையில் ஒரு பெரிய சாமான், மேலே நாலைந்து ஈரத் துவாய் காய்ந்துகொண்டிருந்தது. துவாய்க்குக் கீழே படிகள்.

"அது என்ன றிஸ்வானா?"

"அதுவா? படி மிசின். ஒருத்தரும் ஏறுறல்ல. ரெண்டு நிமிசத்தில உசிர் போகுதெண்டு இறங்கிருவாங்க."

நான் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த மிசினைக் காணாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று நாலு படி மட்டும் இருக்கும். பொத்தானை அமர்த்தினால் மேலே உள்ள படி கீழே இறங்கி வரும், அது உள்ளே போகப் புதுப்படி மேலே முளைக்கும். நாங்கள் ஏறிக்கொண்டே இருக்கவேண்டும், ஆனால் ஒரு இஞ்சிகூட உயரமாட்டோம். ஏறாமல் நின்றால் பின்னால் கொண்டுபோய்த் தள்ளிவிடும். இதில் இறங்குவது என்பதே கிடையாது. முழங்காலைக் குத்துவது படி இறங்கும்போதுதானாம். அந்தக் குத்து இதில் இல்லை என்று பிசியோ மிஸ்ஸுக்குப் பெரிய சந்தோசம். மிகவும் மெதுவாக, பக்கத்தில் ஆளோடு, விரலில் கிளிப் மாட்டிக்கொண்டு செய்யலாம் என்று மயக்கமருந்து டொக்டரும் சம்மதித்தார். அந்தக் கிளிப் இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, நாடி எவ்வளவு என்று காட்டும். நெஞ்சு நொந்தால், தலை சுற்றினால் அந்த நிமிசமே நிறுத்தவேண்டும்.

முதல்நாள் ஒன்றரை நிமிசம். முப்பது வருடம் மிசின் மிதித்த கால் என்று ஊரெல்லாம் பீற்றிய என் கால் இரண்டும் பயற்றங்காய்போல் துவண்டன. தையல் மிசினில் பாதம் மட்டும்தான் ஆடும். இங்கே முழு உடம்பையும் தொடை தூக்கவேண்டும். முப்பது வருடமாக நான் கதிரையில் சும்மா இருந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. கைப்பிடியில் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். றிஸ்வானா கையில் தட்டினாள்.

"கைய விடுங்க அக்கா! தொங்கினா கைதான் ஏறும், காலும் நெஞ்சும் சும்மா கிடக்கும். விரலால தொட்டுக்கிட்டு மட்டும் ஏறுங்க."

"நீ ஏறிப் பாரு, தெரியும்!"

"நான் ஏன் ஏற? எனக்கா ஒப்பரேசன்?"

அவளுடைய வாயும் என் வாயும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. நாளுக்கு நாள் கூட்டினோம். ஒரு நிமிசம் ஏறி ஒரு நிமிசம் ஆறுவது. பிறகு இரண்டு நிமிசம் ஏறி ஒரு நிமிசம். எவ்வளவு களைக்கவேண்டும் என்பதற்குப் பிசியோ மிஸ் ஒரு கணக்குச் சொன்னார்: கதைக்கக்கூடியதாய் இருக்கவேண்டும், பாடக்கூடியதாய் இருக்கக்கூடாது. அதனால் றிஸ்வானா என்னைக் கதைக்க வைத்துக்கொண்டே இருந்தாள். ஏச்சும் கதைதானே, அதில் எனக்குக் குறைவில்லை.

இவர் பெண்கள் ஜிம்முக்குள் வர முடியாது. வெளியே றோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் சைக்கிளோடு நிற்பார். நான் வெளியே வந்ததும் இளநீர்க் குரும்பை ஒன்றை வெட்டி நீட்டிவிட்டு, "எத்தின?" என்பார். "நாலு நிமிசம்." தலையை ஆட்டுவார். அடுத்த நாள், "எத்தின?" "அஞ்சு." அந்த நாட்களில் எங்களுக்குள் வேறு பேச்சு இருந்ததாகவே ஞாபகம் இல்லை.

இரண்டாம் கிழமையில் என் அளவு நாடா காணாமல் போனது. தையல்காரியின் நாடாவை எடுத்தால் எனக்கு விசர்தான் வரும். வீடு முழுக்கக் கத்தினேன். பின்னேரம் பார்த்தால் இவருடைய சேட் பையில் இருந்து நாடா எட்டிப்பார்க்கிறது.

"இத எங்க கொண்டு திரியிறீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போன நான்" என்றார். "படிய அளந்தன். ஒரு படி ஆறே முக்கால் இஞ்சி. மொத்தம் நாப்பத்தி நாலு படி. மறுகா றிஸ்வானாட மாப்பிளையிட்டக் கேட்டன், மிசின்ட படி எட்டு இஞ்சியாம். ஆஸ்பத்திரிப் படி லேசா இரிக்கும் புள்ள. உனக்குத்தான் வாசி, ஒவ்வொரு படியிலயும் ஒண்டேகால் இஞ்சி லாபம்."

இறால் வலையை விட்டுவிட்டு, ஆட்கள் ஏறி இறங்குகிற படியில் நாடாவைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்திருக்கிறார். என்ன கேட்டார்களோ, என்ன சொன்னாரோ. நாடாவை வாங்கிச் சுருட்டி வைத்தேன்.

மூன்றாம் கிழமை நடுவில்தான் எல்லாம் கெட்டது. ஏழு நிமிசம் தொடர்ந்து ஏறியிருந்தேன். இறங்கியதும் கை நடுங்கியது. உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. றிஸ்வானா இரண்டாகத் தெரிந்தாள். வாங்குப் பலகையில் சரிந்தது தெரியும், வாய்க்குள் சீனித்தண்ணீர் ஊற்றியது தெரியும். சீனி அளவு மிகவும் கீழே போயிருந்தது. நடந்தது என்னவென்று பிறகு கிளினிக்கில் விளங்கப்படுத்தினார்கள். கால் தொடைத் தசைகள்தான் உடம்பில் பெரியவை. அவை வேலை செய்யத் தொடங்கினால் இரத்தத்தில் உள்ள சீனியை இழுத்துக் குடிக்கும். அது நல்லதுதான், பத்து வருடமாக எந்த மருந்துக் குளிசையும் செய்யாததை இந்தப் படிகள் செய்திருந்தன. ஆனால் நான் பழைய அளவுக் குளிசையையும் போட்டுவிட்டு, நேரம் பிந்தியது என்று சாப்பிடாமலும் ஓடிவந்திருந்தேன். ஒரு குளிசையைப் பாதியாகக் குறைத்தார்கள். சாப்பிடாமல் ஏறினால் கையை முறிப்பேன் என்ற மாதிரிப் பார்த்தார் பிசியோ மிஸ்.

இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் போனபோது றிஸ்வானா கதவடியில் நின்றாள்.

"வேணா அக்கா. எனக்குப் பயமா இரிக்கி. என்ட கையில உங்களுக்கு ஒண்டு நடந்தா, நான் உங்கட மனுசன்ட முகத்த எப்பிடிப் பாக்குற?"

"நான் சாப்பிட்டுட்டு வந்திரிக்கன். குளிசையும் பாதிதான்."

"ஆஸ்பத்திரில செய்ங்க அக்கா. அங்க டொக்டர்மார் இரிக்காங்க."

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பயந்தாங்கொள்ளி என்றேன். துவாய் காயப்போடுகிற மிசினை எனக்குத் தர வயிறெரிகிறதா என்றேன். அவள் வாயே திறக்கவில்லை. அதுதான் என்னை உடைத்தது. அவள் திருப்பி ஏசாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாசற்படியிலேயே இருந்துவிட்டேன்.

"றிஸ்வானா, எட்டு நாள்தான் இரிக்கு. ஏறாட்டி அந்தக் கட்டிய எனக்குள்ளயே விட்டுருவாங்க. எனக்குப் பயமா இரிக்குடி. சரியான பயம்."

அந்த வார்த்தையை அதுவரை நான் இவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அவளும் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். என் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், தன்னுடைய மூக்கை. பிறகு எழும்பி, ஊசி குத்தி என் சீனியைப் பார்த்தாள். "நூத்தி நாப்பது. பிஸ்மில்லா சொல்லி ஏத்துறன், வாங்க" என்றாள். அன்றிலிருந்து கடைசி நாள்வரை நான் ஏறும் நேரம் முழுக்க அவளுடைய உள்ளங்கை என் முதுகில் இருந்தது.

நாலாம் கிழமை முடிந்த அன்று காலையில் ஆஸ்பத்திரிப் படிக்குக் கீழே நின்றோம். லிஃப்ட் வேலை செய்தது. அதைக் காணக் காண எரிச்சலாக இருந்தது. மயக்கமருந்து டொக்டர் என் விரலில் கிளிப்பை மாட்டினார். "அவசரப்படாதேங்கோ. கதைக்காதேங்கோ. நிக்கக்கூடாது. அவ்வளவுதான்." இவர் எங்களுக்குப் பின்னால் இரண்டு படி தள்ளி வந்தார்.

முதல் பதினொரு படி தெரியவேயில்லை. மனுசன் அளந்தது சரிதான், படி உயரம் குறைந்து பதிவாக இருந்தது. பதினாலாவது படியில் கால் வைத்தபோது உடம்பு ஒருமுறை உதறியது. இங்கேதான் குந்தினேன். படியையே பார்த்துத் தாண்டினேன். முதலாம் மாடி. இருபத்திரண்டு. மூச்சு இருந்தது. இருபத்தெட்டில் தொடை எரியத் தொடங்கியது. எதிரே சாப்பாட்டு வாளியோடு இறங்கி வந்த ஒருவர் ஏதோ கேட்டார், டொக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். முப்பத்திமூன்றில் படி திரும்பும் இடத்தில் ஒரு யன்னல். அதற்கு வெளியே வாவி முழுக்கத் தெரிந்தது. வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான், அதை மேலே இருந்து பார்த்தது அன்றுதான் முதல்தரம். நாலு கிழமை ஏறியும் ஒரு இஞ்சி உயராதவள் இப்போது உயர்ந்திருக்கிறேன் என்ற நினைப்பில் கால் தடுமாறிற்று. பின்னால் இவருடைய மூச்சுச் சத்தம் நின்றது. நான் நிற்கவில்லை. கைப்பிடியை விரலால் மட்டும் தொட்டேன். முப்பத்தெட்டு. நெஞ்சு காதுக்குள் அடித்தது. நாற்பது. இறங்கி வருகிற படி இல்லை இது, பரமேஸ்வரி, நீதான் போகவேண்டும். நாற்பத்திரண்டு. முதுகில் றிஸ்வானாவின் கை இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். நாற்பத்துநாலு.

டொக்டர் என் விரலைப் பிடித்து எண்ணைப் பார்த்தார். ஒரு நிமிசம் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஒரு நிமிசத்தில் நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

"தொண்ணூத்தஞ்சு, பிராணவாயு இறங்கேல்லை" என்றார். "வியாழக்கிழமை ஒப்பரேசன் தியேட்டர். இறங்கிறதுக்கு லிஃப்டில போங்கோ."

திரும்பினேன். இவர் நாற்பத்தி மூன்றாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

சத்திரசிகிச்சை நாலு மணித்தியாலம் நடந்ததாம், எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது மூக்கில் குழாய், கையில் குழாய், வயிறு எரிந்தது. முதலில் கேட்டது, "கட்டி?" என்றுதான். "எடுத்தாச்சு" என்றார் தாதி மிஸ்ஸி. அடுத்த நாளே என்னைக் கட்டிலில் இருந்து எழுப்பி நிறுத்தினார்கள். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும் என்றார்கள். வயிற்றில் வெட்டு உள்ள ஆள் எழும்புவதற்குத் தொடைதான் தூக்கவேண்டும். என் தொடை தூக்கியது. வயிற்றில் போட்டிருந்த துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது தையலே இல்லை, வரிசையாகக் கம்பிக் கிளிப். இதையா தையல் என்று சொல்கிறீர்கள், நான் இன்னும் வடிவாகத் தைத்திருப்பேன் என்று சொல்லப்போய், சிரிப்பு வந்து வயிறு நொந்து உயிர் போயிற்று. ஏழாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

ஆனாலும் ஒன்று மிச்சம் இருந்தது. வெட்டி எடுத்த குடலோடு சேர்ந்த நெறிக்கட்டிகள் என்கிற சின்னக் கழலைகளைச் சோதித்துப் பார்த்தால்தான், கென்சர் அந்தக் கட்டியோடு நின்றதா, தாண்டிப் போனதா என்று தெரியும். அந்தப் பதிலுக்கு மூன்று கிழமை. முன்பைவிட இந்தக் காத்திருப்பில் நான் மோசமாக இருந்தேன். ஒருநாள் இவர் ஊரில் ஒரு மேசனைக் கூட்டிவந்து, வீட்டு வளவுக்குள் சீமெந்தில் எட்டுப் படி கட்டினார். மேலே ஒன்றும் இல்லை. எட்டுப் படி, அவ்வளவுதான். ஊர்ச்சனம் வேலிக்கு மேலால் பார்த்து, பரமக்கா வீட்டில் மேல்மாடி கட்டப்போகிறார்கள் என்று பேசிக்கொண்டது.

கிளினிக் நாளில் உள்ளே கூப்பிட்டார்கள். நெறிக்கட்டிகளில் ஒன்றிலும் இல்லை என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். ஐந்து வருடத்துக்கு விடாமல் வந்து காட்டவேண்டும், ஆனால் இப்போதைக்கு வேறு மருந்து வேண்டாம். இவர் அதை நாலுதரம் கேட்டார். நான் ஏசவில்லை. நானும் சேர்ந்து கேட்டேன்.

பிறகு பக்கத்து மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே அதே சின்ன டொக்டர். அதே தாள், அதே பேனை. என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்று காது சிவந்ததில் தெரிந்தது.

"தேகப்பயிற்சி ஏதும்..."

"மிசின் மிதிக்கிறன்."

பேனையைக் கீழே வைத்தார். "எந்த மிசின் அம்மா?"

"ரெண்டும்தான். காலையில றிஸ்வானாட படி மிசின். அங்க போகாத நாளையில வீட்டுப் படி. பின்னேரம் ஒரு மணித்தியாலம் தையல்."

ஒன்றொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்து, ஆறுதலாகக் கேட்டார்.

"மாடி ஏறினா களைக்குமா அம்மா?"

"ஓம் டொக்டர்" என்றேன். "களைக்கும்."